லேபிளை மறைத்துவிட்டு ஜாஸ் கேட்பது

பாட்டு ஓடும். யார் வாசிக்கிறார்கள், எந்த ஆண்டு, எந்த ஊர், எதுவும் சொல்ல மாட்டார்கள். காதில் விழுந்ததை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசையின் ரசிகர்கள் கூடும் இடங்களில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் விளையாட்டு இது. கண்ணைக் கட்டி வைக்கும் சோதனை என்ற பொருளில் இதற்கு ‘பிளைண்ட்ஃபோல்டு டெஸ்ட்’ என்று பெயர். உண்மையில் யாரும் கண்ணைக் கட்டுவதில்லை. இசைத்தட்டின் உறையையும் லேபிளையும் மறைத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கானாடுகாத்தானில் நண்பர் ஒருவரின் பழைய வீட்டில் எட்டுப் பத்துப் பேர் இதற்காகவே கூடுகிறோம். தேவகோட்டையிலிருந்து வரும் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர், காரைக்குடியில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் இரண்டு பையன்கள், பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர், வீட்டுக்கார ஆச்சி, அவருடைய பதிமூன்று வயதுப் பேத்தி, அப்புறம் நான். இதில் பாதிப் பேருக்கு முதல் நாள் ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாது. அப்படி முதல் நாள் வருகிறவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக வருகிற எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு கேள்வி கேட்பார்கள்: “எனக்கு ஒரு பேரும் தெரியாதே, நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?” கண்டுபிடிக்கத் தேவையில்லை. என்ன கேட்டீர்கள் என்று சொல்ல முடிந்தால் போதும். ஆட்டமே அதுதான்.

நமக்கு இது அன்னியமும் இல்லை. கச்சேரியில் ஆலாபனை தொடங்கியதும் பக்கத்து நாற்காலிக்காரர் “தர்பாரா, நாயகியா?” என்று குனிந்து கேட்கிறாரே, அது இதே விளையாட்டுதான். கோயில் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் வந்ததும் ராஜரத்தினம் பிள்ளையா, காருகுறிச்சியா என்று இரண்டு பெரியவர்கள் திண்ணையில் வழக்காடுவதும் இதே விளையாட்டுதான். வீணை கேட்டுப் பழகியவர்களுக்குக் காரைக்குடி பாணி கேட்ட மாத்திரத்தில் தெரியும். அந்த அழுத்தமான மீட்டும் தானமும் வேறு யாரிடமும் அப்படி வராது. காரைக்குடிச் சகோதரர்களில் அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார், தம்பி சாம்பசிவ ஐயர் வழக்கம்போல் கிடைமட்டமாக வைத்து வாசிப்பார். ஒரே வீட்டில், ஒரே பாணியில்கூட ஆளுக்கு ஒரு கை. எங்கள் ஆச்சி சின்ன வயதில் வீணை கற்றவர். “கையெழுத்து மாதிரிதான் அப்பா இது. யார் எழுதினதுன்னு எழுத்தைப் பாத்தாலே தெரியாதா?” என்று முதல் மாதமே சொன்னார். அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ராகம் கண்டுபிடிக்கும்போது ‘இது என்ன?’ என்று கேட்கிறோம். ஜாஸில் பெரும்பாலும் ‘இது யார்?’ என்று கேட்கிறோம். ஏன் அப்படி என்பதற்கு ஜாஸ் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஜாஸில் மெட்டு ஒரு கொழுகொம்பு. அதைப் பற்றிக்கொண்டு படரும் கொடியைத்தான் நாம் கேட்கப் போகிறோம். முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை ஒருமுறை வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராக, அந்த மெட்டுக்கு அடியில் ஓடுகிற கார்டு வரிசையை (கார்டு என்றால் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் மனதில் தோன்றுவதை வாசிப்பார்கள். கடைசியில் மறுபடியும் மெட்டு வரும், முடியும். பழைய பாட்டுகளில் பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு 32 அளவு, அளவுக்கு நான்கு எண்ணிக்கை. முதல் எட்டு அளவில் ஒரு பகுதி, அதே பகுதி இன்னொரு தடவை, பிறகு எட்டு அளவுக்கு வேறொரு பகுதி, கடைசி எட்டில் பழைய பகுதி. ப்ளூஸ் என்ற வகைப் பாட்டு என்றால் சுற்று பெரும்பாலும் 12 அளவு. ஆவர்த்தனம் எண்ணிப் பழகிய கைக்கு இது ஒரே மாலையில் பிடிபட்டுவிடும். ஆச்சி தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, மூன்றாவது பகுதி வரும்போது கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார். எங்களுக்குள் அது ஒரு சைகையாகவே ஆகிவிட்டது.

கொடி எவ்வளவு தூரம் படரும் என்பதற்கு ஓர் உதாரணம். கோல்மன் ஹாக்கின்ஸ் என்ற டெனர் சாக்ஸபோன் கலைஞர் 1939 அக்டோபரில் ‘பாடி அண்ட் சோல்’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். அது அப்போது எல்லோர் வாயிலும் இருந்த பாட்டு. மூன்று நிமிடத் தட்டு. ஹாக்கின்ஸ் தொடக்கத்தில் மெட்டை லேசாகத் தொடுகிறார், பிறகு அதை விட்டுவிட்டு இரண்டு சுற்று முழுக்கத் தன் கற்பனையிலேயே போகிறார். பாட்டைத் தேடினால் அகப்படாது. தட்டு முழுக்க ஹாக்கின்ஸ்தான் இருக்கிறார். இந்த வழி இன்னும் ஒரு படி மேலேயும் போனது. 1930ல் ஜார்ஜ் கெர்ஷ்வின் போட்ட ‘ஐ காட் ரிதம்’ பாட்டின் கார்டு வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டு, மேலே புது மெட்டு வைத்துப் பின்னால் வந்தவர்கள் எத்தனையோ உருப்படிகள் செய்தார்கள். காப்புரிமை மெட்டுக்குத்தான், கார்டு வரிசைக்குக் கிடையாது என்பதும் அதற்கு ஒரு காரணம். அதனால் பாட்டின் பெயரைக் கண்டுபிடித்தாலும் பாதி வேலைகூட முடிந்ததாகாது. ஒரே பாட்டை நூறு பேர் வாசித்திருப்பார்கள். அந்த நூறில் இவர் யார்?

இனி ஒரு மாலை எப்படிப் போகும் என்று சொல்கிறேன்.

ஒவ்வொரு மாதமும் ஒருவர் பாட்டு வைப்பார். எட்டு உருப்படி போதும், அதற்கே இரண்டு மணி நேரம் ஓடிவிடும். உள்ளே வந்ததும் எல்லோருடைய கைபேசியும் ஒரு பித்தளைத் தாம்பாளத்துக்குப் போய்விடும். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள், ஒரு பென்சில். ஒரு பாட்டை இரண்டு தடவை வைப்போம். முதல் தடவை யாரும் பேசக்கூடாது, தாளில் எழுதலாம். இரண்டாவது தடவைக்கு அப்புறம்தான் பேச்சு. அதிலும் ஒரு கண்டிப்பு உண்டு: வயதில் இளையவர்தான் முதலில் பேச வேண்டும்.

இந்தக் கடைசி விதியை நாங்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். முதல் இரண்டு மாதம் பெரியவர்கள் முதலில் பேசினார்கள். வங்கிக்காரர் “இது லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கேதான்” என்று சொல்லிவிட்டால், மறுத்துப் பேச இளையவர்களுக்கு வாய் வராது. எழுதி வைத்திருந்ததையே அடித்துவிட்டு ஆம்ஸ்ட்ராங் என்று மாற்றி எழுதிக்கொண்டார்கள். மரியாதை நல்லதுதான், ஆனால் இந்த விளையாட்டில் அது காதை அடைத்துவிடுகிறது. வரிசையைத் திருப்பியதும் எல்லாம் மாறிப்போனது.

எப்படி என்பதற்கு அந்தப் பேத்தியின் கதையையே சொல்லலாம். ஒரு மாதம் மூன்றாவது பாட்டு, பியானோவும், டபுள் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியமும், டிரம்ஸும். தொடக்கத்தில் பியானோ எங்கெங்கோ சுற்றிவிட்டு, திடீரென்று பாட்டுக்குள் குதித்தது. இரண்டாவது தடவை முடிந்ததும் அவள் தாளைப் பார்த்துப் படித்தாள். “இடது கை கிடார் மாதிரி டங்கு டங்குனு ஒரே சீரா போகுது. வலது கை மட்டும் பின்னாலேயே வருது, பள்ளிக்கூடம் போக மனசில்லாத பிள்ளை மாதிரி. ஆனா தொலைஞ்சு போகல, கடைசியில சேந்துக்குது.” ஆச்சி குறுக்கிட்டார்: “நடுவுல யாரோ முனகுறாங்க, அது ஒனக்குக் கேட்டுச்சா?” “கேட்டுச்சு அப்பத்தா. வாசிக்கிறவர்தான்னு நெனச்சேன்.” வங்கிக்காரர் தன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதில் ஆஸ்கர் பீட்டர்சன் என்று வேறொரு பியானோக்காரரின் பெயரை எழுதியிருந்ததாகப் பிறகு சொன்னார். “நல்லாக் கேட்டிருக்கே ஆத்தா” என்றார்.

அது எரோல் கார்னர். இடது கையால் தாளக் கிடார் போல நான்கு எண்ணிக்கையும் சீராகத் தட்டிக்கொண்டே, வலது கையை ஒரு மயிரிழை தாமதமாகக் கொண்டுவருவதுதான் அவருடைய கை. இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவர். வாசிக்கும்போது முனகுவார். எந்தப் பாட்டு வரப்போகிறது என்று கூட வாசிப்பவர்களையே திகைக்க வைக்கும் முன்னுரைகளுக்குப் பேர்போனவர். கார்னர் என்ற பெயரையே அந்தப் பெண் அதுவரை கேட்டதில்லை. ஆனால் கார்னரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் சொல்லும் நான்கு சங்கதிகளில் மூன்றைத் தானாகவே கேட்டுச் சொல்லிவிட்டாள். பெயர் அன்று சாயங்காலம் தெரிந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு கார்னர் எங்கே வந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். புத்தகத்தில் படித்த எனக்கு அது வர இரண்டு வருடம் ஆனது.

சரி, முதல் நாள் எதைக் கேட்பது? நான் சொல்வது: ஆளைத் தேடாதீர்கள், முதலில் காலத்தைத் தேடுங்கள். காலம் தெரிந்துவிட்டால் பாதிப் பேர் கழிந்துவிடுவார்கள்.

காலத்துக்கு முதல் சாட்சி பதிவின் ஒலி. ஜாஸ் என்ற பெயரோடு முதல் தட்டு வந்தது 1917ல். 1925 வரை மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்புக்கு முன்னால் நின்று வாசிப்பார்கள், அந்த அதிர்விலேயே ஊசி மெழுகில் கோடு இழுக்கும். பெரிய டிரம்மை முழு வேகத்தில் அடித்தால் ஊசி எகிறிவிடும் என்பதால், டிரம்ஸ்காரர் பாவம் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டிருப்பார். டொக் டொக் என்று மரச்சத்தமும், தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவது போன்ற ஒலியும் சேர்ந்து கேட்டால் அது பெரும்பாலும் 1925க்கு முன். 1925ல் மின்சாரப் பதிவு வந்ததும் ஒலி சட்டென்று அகலமாகிறது. பழைய தட்டில் பெரும்பாலும் மூன்று நிமிடம் சொச்சத்துக்கு மேல் இடம் கிடையாது, அதனால் பாட்டு அதற்குள் முடிந்தாக வேண்டும். 1948ல் நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டு வந்த பிறகுதான் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று நீட்டி வாசிப்பது பதிவுகளில் வழக்கமானது.

இரண்டாவது சாட்சி அடித்தளம், அதாவது கீழே நின்று தாளத்தைத் தாங்குகிறவர்கள். புதியவர்கள் எப்போதும் மேலே வாசிக்கும் ட்ரம்பெட்டையும் சாக்ஸபோனையுமே கேட்பார்கள். கீழே கேளுங்கள். ‘பூம், பூம்’ என்று ட்யூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவி ஒலிக்கிறதா, பக்கத்தில் பான்ஜோ என்ற தோல் போர்த்திய தந்தி வாத்தியம் சலசலக்கிறதா? அப்படியென்றால் 1920களாக இருக்கலாம். ட்யூபா போய் டபுள் பேஸும், பான்ஜோ போய் கிடாரும் வந்துவிட்டால் 1930களுக்குள் நுழைந்துவிட்டீர்கள். டிரம்ஸில் தாளம் எங்கே நடக்கிறது என்றும் கேளுங்கள். பழைய ஆட்கள் காலால் பெரிய டிரம்மில் நான்கையும் மிதிப்பார்கள். 1930களில் கவுண்ட் பேஸி குழுவின் ஜோ ஜோன்ஸ் அந்தத் தாளத்தை ஹை-ஹாட்டுக்குக் கொண்டுபோய் லேசாக்கினார். ஹை-ஹாட் என்றால் காலால் மிதித்தால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு, நம் ஜால்ராவைக் கம்பியில் மாட்டியது போல. அடுத்து கென்னி கிளார்க் தாளத்தை மேலே இருக்கும் ரைடு சிம்பல் என்ற பெரிய உலோகத் தட்டுக்கு மாற்றினார். காலில் இருக்கும் டிரம்மை எதிர்பாராத இடத்தில் ஒரு குத்து குத்துவதற்கு வைத்துக்கொண்டார். ‘டிங், டிங்-க-டிங்’ என்று மேலே மினுமினுத்துக்கொண்டே ஓடினால் 1940களுக்கு இப்பால் வந்துவிட்டீர்கள். எங்கள் கல்லூரிப் பையன்கள் இரண்டே மாதத்தில் சிம்பலை மட்டும் வைத்து ஐந்தாறு வருட வித்தியாசத்துக்குள் ஆண்டு சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இதற்குப் பிறகுதான் ஆள். ஆளை அடையாளம் காட்டுவது வேகமோ திறமையோ இல்லை. குரல்தான். ஒரே ட்ரம்பெட்டில் இருவருக்கு இரண்டு குரல். மைல்ஸ் டேவிஸ் ட்ரம்பெட்டின் வாயில் ஹார்மன் மியூட் என்ற அலுமினியக் குடுவையைச் செருகுவார். அதன் நடுவில் ஒரு சின்னக் குழல் இருக்கும், அதைக் கழற்றிவிடுவார். பிறகு மைக்கை ஒட்டி நின்று ஊதுவார். எங்கள் ஆச்சி அதை முதலில் கேட்டபோது, “சளி பிடிச்சவன் ரகசியம் சொல்ற மாதிரி இருக்கு, ஆனா மனசுக்குள்ள போகுது” என்றார். பென் வெப்ஸ்டர் மெதுவான பாட்டை டெனர் சாக்ஸபோனில் வாசிக்கும்போது ஸ்வரம் முடிந்த பிறகும் மூச்சுக்காற்று மட்டும் வெளியே வந்துகொண்டிருக்கும். டபுள் பேஸை வில்லால் இழுத்துக்கொண்டே அதே சங்கதியை ஒரு ஸ்தாயி மேலே முனகுகிறவர் என்றால் ஸ்லாம் ஸ்டூவர்ட். வெஸ் மாண்ட்கமரி கிடாரைப் பிக் என்ற மீட்டும் சில்லு இல்லாமல் கட்டை விரலால் மீட்டியதால் நாதம் வட்டமாக, பஞ்சு போல விழும். இன்னொரு கிடார்க்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928ல் வண்டி தீப்பிடித்ததில் இடது கையில் இரண்டு விரல் முடங்கிப்போனது. மீதி இரண்டு விரலில் அவர் எடுத்த வழிகள் வேறு யாருக்கும் வராது. உடம்பும் கருவியும் சேர்ந்துதான் அந்தக் குரல் வருகிறது. காரைக்குடி அண்ணன் வீணையை நிமிர்த்திப் பிடித்ததைப் போலத்தான் இதுவும்.

இந்த விளையாட்டை முறைப்படுத்தியவர் லெனார்ட் ஃபெதர் என்ற ஜாஸ் எழுத்தாளர். 1946ல் ‘மெட்ரோனோம்’ பத்திரிகையில் தொடங்கினார். முதலில் உட்கார்ந்தவர் பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ். பிறகு அது ‘டவுன்பீட்’ பத்திரிகைக்குப் போய் அங்கேயே நிலைத்துவிட்டது. ஒரு கலைஞரை உட்கார வைத்து, பெயர் சொல்லாமல் தட்டுகளைப் போட்டு, யார் என்று கேட்டு, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்கள் என்றும் கேட்பார். நண்பனுடைய தட்டா, எதிரியுடையதா என்று தெரியாமல் பேசுவதால் உண்மை வெளியே வந்துவிடும். 1964ல் மைல்ஸ் டேவிஸ் உட்கார்ந்து பெரும்பாலான தட்டுகளைத் திட்டித் தீர்த்தது இன்றும் பேசப்படுகிறது.

ஆனால் எனக்கு இந்த வரலாற்றில் பெரிய நாள் 1951ல் ராய் எல்ட்ரிட்ஜ் உட்கார்ந்த நாள். எல்ட்ரிட்ஜ் கறுப்பினத்தவர், மகத்தான ட்ரம்பெட் கலைஞர். வெள்ளையர் இசைக்குழுக்களில் வாசித்து, கூட வாசித்தவர்கள் தங்கிய ஹோட்டலில் அறை மறுக்கப்பட்டு, மேடைக்கு வெளியே மிகுந்த அவமானப்பட்டவர். வாசிப்பதைக் கேட்டே கறுப்பரா வெள்ளையரா என்று சொல்லிவிடுவேன் என்று ஃபெதரிடம் பந்தயம் கட்டினார். தட்டுகள் ஒவ்வொன்றாக ஓடின. சரியாகச் சொன்னதைவிடத் தவறாகச் சொன்னதே அதிகம். முடிவில் தோற்றதாக அவரே ஒப்புக்கொண்டார். அப்படிப்பட்ட காது உள்ளவர், அத்தனை பட்டவர், எல்லோரும் படிக்கும் பத்திரிகையில் ‘நான் தோற்றேன்’ என்று சொன்னதை நினைத்தால் எனக்கு இன்றும் அவர் மேல் மரியாதை கூடுகிறது. லேபிளைப் பார்த்தால் நாம் கேட்பது மாறிவிடுகிறது. சாதி, ஊர், பள்ளி, புகழ், இவை இல்லாமல் ஒரு மூன்று நிமிடம் ஒருவரைக் கேட்பது நம் ஊரில் எவ்வளவு அரிது என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கும் ஒரு தோல்வி உண்டு, அதில்தான் நிறையக் கற்றுக்கொண்டேன். ஒரு மாதம் ஒரு டெனர் சாக்ஸபோன் ஓடியது. லேசான நாதம், அவசரமே இல்லாத நடை, சொற்றொடரின் கடைசியைச் சும்மா விட்டுவிடும் பழக்கம். எழுந்து நின்றே சொன்னேன்: லெஸ்டர் யங், சந்தேகமே இல்லை. வைத்தவர் சிரிக்காமல் உறையைக் காட்டினார். பால் குவினிஷெட். லெஸ்டர் யங்குக்கு ‘பிரெஸ்’ என்று செல்லப்பெயர், ஜனாதிபதி என்று அர்த்தம். குவினிஷெட்டின் வாசிப்பு அவரை ஒத்திருந்ததால் ஜாஸ்காரர்களே அவரைத் ‘துணை ஜனாதிபதி’ என்றுதான் அழைத்தார்கள். அன்று இரவு வீட்டுக்குப் போய் இருவரையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். நான்காவது தடவையில்தான் தெரிந்தது: குவினிஷெட்டின் நாதம் கொஞ்சம் தடிமன், சொற்றொடர்கள் நான் எதிர்பார்த்த இடத்திலேயே முடிந்தன. யங் நான் எதிர்பார்க்காத இடத்தில் நிறுத்தினார். தவறாகச் சொல்லியிருக்காவிட்டால் லெஸ்டர் யங்கை நான் இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கவே மாட்டேன்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் எங்களை ஏமாற்றியது. முதல் கூட்டத்தை வளவில் வைத்தோம். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் பர்மா தேக்குத் தூண், காலடியில் ஆத்தங்குடி கல், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பு பூசிய பளபளப்புச் சுவர். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அத்தனையும் வழவழப்பான கெட்டிப் பரப்பு. ஒலி எதிலும் அடங்காமல் திரும்பித் திரும்பி வந்தது. சின்ன ஸ்டுடியோவில் எடுத்த ஒரு பதிவைக் கேட்டு, ‘பெரிய அரங்கில் நடந்த கச்சேரி’ என்று ஆறு பேர் எழுதினோம். பேஸ் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை, சிம்பல் வெறும் இரைச்சலாகிவிட்டது. அடுத்த மாதம் வளவை ஒட்டிய சிறிய அறைக்கு மாறினோம். தரையில் இரண்டு ஜமக்காளம், ஒரு சுவர் ஓரமாக மெத்தைகள், இன்னொரு சுவரில் ஆச்சியின் பழைய கண்டாங்கிச் சேலைகளைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். ஒலி சட்டென்று தெளிந்தது.

அறைக்கும் குரல் உண்டு என்று அன்று புரிந்தது. பதிவு செய்த அறையையும் அப்படிக் கேட்டுக் கண்டுபிடிக்கலாம். ரூடி வான் கெல்டர் என்பவர் நியூ ஜெர்சியில் தன் பெற்றோர் வீட்டின் கூடத்தையே ஸ்டுடியோவாக்கி, 1950களின் புகழ்பெற்ற ஜாஸ் தட்டுகள் பலவற்றை அங்கே பதிவு செய்தார். 1959ல் தனி ஸ்டுடியோ கட்டிக்கொண்டு இடம் மாறினார். அவருடைய பியானோ ஒலி கொஞ்சம் பெட்டிக்குள் இருப்பது போல இருக்கும், ஊதுகருவிகள் முகத்துக்கு நேரே வரும். பழகிய காது, வாசிப்பவர் யார் என்று தெரியாமலே “இது வான் கெல்டர் வீட்டுக் கூடம்” என்று சொல்லிவிடும். எங்கள் வங்கிக்காரர் சொல்வார்.

உங்கள் முறை வந்து நீங்கள் பாட்டு வைக்கும்போது ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: யாரையும் மடக்குவதற்காக வைக்காதீர்கள். உலகில் நூறு பிரதிகூட இல்லாத தட்டைத் தேடிக் கொண்டுவந்து எல்லோரையும் முழிக்க வைப்பது சுலபம், அதில் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. எட்டில் இரண்டு எல்லோருக்கும் எட்டக்கூடியதாக இருக்கட்டும். ஒரே பாட்டை இரண்டு பேர் வாசித்ததை அடுத்தடுத்து வையுங்கள், பேச்சு தானாக வரும். விடை சொல்லும்போது பெயரோடு நிறுத்தாமல், சரியாகக் கேட்டவர்கள் எந்த நொடியில் கேட்டார்கள் என்று அந்த இடத்தை மறுபடி ஓட்டிக் காட்டுங்கள். அந்தப் பத்து நொடிதான் மாலையிலேயே எனக்குப் பிடித்த நேரம்.

கைபேசிச் செயலி ஒரு நொடியில் சொல்லிவிடுமே என்று கேட்பார்கள். சொல்லும். அந்தக் குறிப்பிட்ட பதிவின் ஒலித்தடம் ஏற்கெனவே அதன் கிடங்கில் இருந்தால் பொருத்திப் பார்த்துச் சொல்லும். அதே ஆள் அதே நாளில் அதே பாட்டை இன்னொரு தடவை வாசித்து, அந்தப் பதிவு கிடங்கில் இல்லையென்றால் செயலிக்கு ஒன்றும் தெரியாது. பதிமூன்று வயதுப் பேத்திக்குத் தெரியும்.

கடைசியாக எங்கள் வீட்டுத் தட்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கப்பலேறி வந்த கண்ணாடி விளக்கும் பீங்கானும் இரும்புப் பெட்டியும் அங்கே குவிந்து கிடக்கும், கிராமபோனும் வரும். இந்த ஊருக்கும் இசைத்தட்டுக்கும் பழைய உறவு. ஏவி.எம். மெய்யப்பன் காரைக்குடிக்காரர், படம் எடுக்க வருவதற்கு முன் இசைத்தட்டு வியாபாரம் செய்தவர். எங்கள் கடைக்காரர், ஒரு வீட்டுப் பரணிலிருந்து வந்த அரக்குத் தட்டுகளைப் பிரிக்கும்போது, பக்திப் பாட்டுகளுக்கு நடுவில் லேபிளே இல்லாத ஒன்றைக் கண்டார். கரையான் லேபிளைத் தின்றிருந்தது. ஓரத்தில் செதுக்கிய எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் மிச்சம். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுக்கான தடித்த ஊசியைப் போட்டு ஓட்டினோம். ஜாஸ்.

ஒவ்வொரு மாதமும் கடைசியில் அதை ஒரே ஒரு தடவை வைக்கிறோம், தட்டு தேயாமல் இருப்பதற்காக. பான்ஜோ இல்லை, கிடார் இருக்கிறது. ட்யூபா இல்லை, பேஸ் இருக்கிறது. பெரிய டிரம் நான்கையும் மிதிக்கிறது, ரைடு சிம்பல் இல்லை. ஆக 1930களிலிருந்து 40களின் நடுவுக்குள். பையன்கள் அமெரிக்கா என்கிறார்கள். வங்கிக்காரர் கல்கத்தா என்கிறார். அதுவும் நடக்கக்கூடியதுதான். டெடி வெதர்ஃபோர்டு என்ற அமெரிக்கப் பியானோ கலைஞர் 1940களில் கல்கத்தாவில் இசைக்குழு நடத்தி அங்கேயே தட்டுகள் பதிவு செய்தார், 1945ல் அங்கேயே இறந்தார். கல்கத்தாவிலிருந்து ரங்கூனுக்குக் கப்பல் போனது, ரங்கூனிலிருந்து செட்டிநாட்டு வீடுகளுக்குப் பெட்டி பெட்டியாய்ச் சாமான் வந்தது. எனக்கோ பியானோ வெதர்ஃபோர்டைவிட மெதுவாகத் தோன்றுகிறது. இன்னும் தீரவில்லை.

போன மாதம் தட்டு நின்றதும் பேத்திதான் வழக்கம்போல முதலில் பேசினாள். “ட்ரம்பெட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி யாரோ நாற்காலிய இழுக்கிறாங்க.” ஆறு மாதமாகக் கேட்கிறோம், யாருக்கும் அது காதில் விழுந்ததில்லை. ஆச்சி விதியை மீறி, “இன்னொரு தடவை போடப்பா” என்றார். ஊசியை மறுபடி வைத்தேன். சரசரப்புக்கு நடுவில், ட்ரம்பெட்டுக்கு ஒரு நொடி முன்னால், மரத்தரையில் நாற்காலிக் கால் உரசியது.